முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் ஒரு வீடு

எங்கள் அக்காவின் வீடு ஓடுபாதையின் கிழக்கு முனையிலிருந்து முந்நூற்று எண்பது மீட்டர் தள்ளி இருந்தது. நாடா பிடித்து அளந்தவன் நான்தான், ஆகவே இதில் சந்தேகம் வேண்டாம். வட்டார விமான நிலையத் திட்ட வரைபடத்தில் அந்த வீட்டின் மேல் சிவப்பு மையில் வட்டம் போட்டு ‘இடையூறு எண் 14’ என்று எழுதியிருந்தார்கள். பதின்மூன்று ஒரு பட்ட மரம். பதினைந்து ஒரு தண்ணீர்த் தொட்டி. நடுவில் அக்கா. அவளைத் தெரிந்தவர்கள் யாரும் அந்தப் பெயர் பொருந்தவில்லை என்று சொன்னதில்லை.

நான் திட்ட அலுவலகத்தில் எண்ணிக்கை எழுத்தர். விமானத்தில் ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் எண்ணுவது என் வேலை. உள்ளங்கையில் அடங்குகிற சின்னக் கருவி ஒன்று உண்டு. கட்டைவிரலால் அழுத்தினால் ‘டிக்’ என்று ஓர் எண் ஏறும். அதற்கு முன் பேருந்து நிலையத்திலும் படகுத் துறையிலும் சேர்த்து இருபத்தாறு வருடம் அழுத்தியதில் என் வலது கட்டைவிரல் இடதைவிட முக்கால் அங்குலம் நீண்டுவிட்டது. கையுறை வாங்கப் போனால் இன்றைக்கும் கடையில் தகராறு. ஊரில் எனக்குத் தலையெண்ணி என்று பெயர்.

விமான நிலையம் வந்த கதை சுருக்கமானது. தலைநகரிலிருந்து ஓர் ஆலோசகர் ரயிலில் வந்தார். இந்த வட்டாரத்துக்கு விமானம் எவ்வளவு அவசியம் என்று இரண்டு மணி நேரம் படம் போட்டு விளக்கினார். கேள்வி கேட்கிற கட்டம் வந்ததும், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார். நிலையத்தில் உருவாகும் ஒவ்வொரு வேலையும் வெளியே நான்கு வேலைகளை உருவாக்கும் என்று அவர் அறிக்கையில் ஒரு வரி இருந்தது. அது அப்படியே பலித்தது. நிலையத்தின் ஒரே சிற்றுண்டிக் கடை அக்காவுடையது. சமையல், பரிமாறல், பாத்திரம், கல்லா என்று நான்கு வேலைகள் உருவாயின. நான்கையும் அவளே பார்த்தாள்.

அறிக்கையில் சுற்றுச்சூழலுக்கும் ஓர் அத்தியாயம் இருந்தது. அதன்படி ஓடுபாதையின் இரண்டு பக்கமும் முந்நூறு மரக்கன்று நட்டார்கள். மரம் வளர்ந்தால் பறவை வரும், விமானத்துக்கு ஆபத்து என்று பாதுகாப்பு அத்தியாயத்தில் இருந்ததால் மறு மாதம் முந்நூறையும் பிடுங்கினார்கள். நட்டவனும் பிடுங்கியவனும் ஒரே ஆள். நிரந்தர வேலை கிடைத்தது என்று அவன் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாற்பத்தெட்டு இருக்கை கொண்ட ஒரு விமானம். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நகரத்துக்குப் போகும், ஞாயிறு மாலை திரும்பும். முதல் பயணம் நகரத்திலிருந்து ஒரு ஞாயிறு மாலை வந்தது. ஒரு வருடம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பரிசீலனை என்று முதல் நாளே விதி போட்டிருந்தார்கள். ஒரு பயணத்துக்குச் சராசரியாக முப்பது பேர்கூட இல்லையென்றால் நிலையத்தைப் பூட்டிவிடுவார்கள். அக்காவின் கடை போகும். நாற்பதோ அதற்கு மேலோ என்றால் இரண்டாம் கட்டம் ஆரம்பிக்கும். ஓடுபாதையைக் கிழக்கே அறுநூறு மீட்டர் நீட்டுவார்கள், சதுப்பு நிலத்தைத் தூர்ப்பார்கள், அக்காவின் வீட்டை இடிப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் அடுத்த ஐந்து வருடத்துக்கு ஒரு செங்கல்லைக்கூடத் தொடமாட்டார்கள்.

இதை நான் அக்காவிடம் சொன்னபோது அவள் தோசைக்கரண்டியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“எனக்குக் கடையும் வேணும், வீடும் வேணும்னா?”

“முப்பத்தஞ்சு பேர் வரணும்.”

“வந்தா?”

“அதோட நிக்கணும்.”

“கூட்டம் வரக் கூடாதுன்னு வேண்டிக்கிற கடைக்காரிய எங்கயாவது பாத்திருக்கியாடா?”

“கூட்டம் வரணும்க்கா. ரொம்ப வரக் கூடாது.”

“உன்கிட்ட யோசனை கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

அத்தான் மூலையில் உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்பதற்கு முன்பே, “நான் ஏறமாட்டேன்” என்றார். அவர் வாத்து வளர்ப்பவர். உயரம் என்றால் ஆகாது. கட்டில் உயரமாக இருக்கிறது என்று தரையில் படுப்பவர். வீட்டில் விளக்கு மாற்றுவது அக்காதான். அந்த வீட்டை அவரே தன் கையால் சதுப்பின் ஓரத்தில் கட்டினார். கட்டும்போது வாசலுக்கு மூன்று படி. வருடத்துக்கு ஓர் அங்குலம் வீடு இறங்கியதில் நான் சொல்கிற காலத்தில் ஒரு படிதான் பாக்கி. அத்தானுக்கு அதில் பரம திருப்தி. இன்னும் கொஞ்ச வருடத்தில் படியே ஏற வேண்டியதில்லை என்று காத்திருந்தார். அதற்குள் இடித்துவிடுவார்களோ என்பதுதான் அவர் கவலை.

முதல் இரண்டு மாதம் இருபத்திரண்டு, இருபத்து மூன்று என்று ஓடியது. நிலையத்தில் வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்கு, இருக்கை காலியாக இருந்தால் இலவசம் என்று ஒரு சலுகை உண்டு. அக்கா சொந்தபந்தம் முழுவதையும் கூப்பிட்டு உட்காரவைத்து முறை போட்டாள். இந்த வெள்ளி பெரியம்மா வீடு, அடுத்த வெள்ளி சித்தப்பா வீடு. யாருக்கும் நகரத்தில் ஒரு வேலையும் கிடையாது. அங்கே இருந்த பெரியப்பா மகன் வீட்டில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டுத் திரும்புவார்கள். வாரம் தவறாமல் விருந்தாளி வந்ததில் அவன் இரண்டு தடவை வீடு மாறினான். இரண்டு தடவையும் கண்டுபிடித்துவிட்டோம்.

சின்னம்மா ஸ்வெட்டர் பின்னுகிறவள். போகும்போது ஒரு கை, வரும்போது ஒரு கை என்று விமானத்திலேயே பின்னினாள். போகும்போது எதிர்காற்று, பயண நேரம் அதிகம்; வரும்போது பின்காற்று. அந்த ஸ்வெட்டர் இப்போது என்னிடம் இருக்கிறது. வலது கை நீளம். என் கட்டைவிரலுக்கு அது ஒருவிதத்தில் வசதி.

ஐந்தாவது மாதம் சராசரி முப்பத்தொன்று ஆயிற்று. அக்கா முதல் முறையாக நிம்மதியாகச் சாப்பிட்டாள். அந்த வாரம்தான் வணிகர் சங்கத் தலைவர் கடைக்கு வந்தார்.

தலைவர் தரை ஓடு வியாபாரி. பருத்த உடம்பு, அவர் தராசில் ஏறினால் முள் ஒரு சுற்று முடித்துவிட்டு இரண்டாவது சுற்றுக்குக் கிளம்பும். நிலையத்துக்கு எதிரே நான்கு மாடியில் ஓர் ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தார். பெரிய விமானம் வந்தால்தான் அது நிரம்பும், பெரிய விமானத்துக்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கு ஓட்டல், அக்காவுக்கு வீடு.

“என்னம்மா, உங்க குடும்பமே பறக்குதாமே?” என்றார் டீயை உறிஞ்சிக்கொண்டு.

“பொழுது போகல, பறக்குறோம்” என்றாள் அக்கா.

“நல்ல காரியம். நாங்களும் சேந்துக்கிறோம். நாப்பதைத் தொட்டுரலாம்.”

அக்கா அவர் டீக்குச் சர்க்கரை போட மறந்திருந்தாள், கேட்டபோதும் மறந்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து கடைவீதி பறக்க ஆரம்பித்தது. தையல்காரர் நகரத்தில் பொத்தான் வாங்கப் போனார். பல் மருத்துவர் தன் பல்லை இன்னொருவரிடம் காட்டப் போனார். முடிதிருத்துகிறவர் அங்கே போய் முடி வெட்டிக்கொண்டு வந்தார்; நன்றாக இல்லை என்று அடுத்த வாரம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். இரண்டும் எண்ணிக்கையில் சேர்ந்தன. சரக்கு எடையும் பரிசீலனையில் உண்டு என்பதால், போகிற ஒவ்வொருவர் கையிலும் தலைவர் ஒரு பெட்டியைக் கொடுத்தனுப்பினார். பெட்டி நிறைய தரை ஓடு. அதே ஓடுகள் வெள்ளிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பின. ஊரிலேயே அதிகம் பயணம் செய்தது அந்த ஓடுகள்தாம்.

எங்கள் குடும்பம் பறப்பதை உடனே நிறுத்தியது. சின்னம்மா மட்டும், கழுத்துப் பட்டி பாக்கி இருக்கிறது என்று ஒரு தடவை போய்விட்டு வந்தாள். எண்ணிக்கை நிற்கவில்லை. முப்பத்தைந்து, முப்பத்தெட்டு என்று ஏறி, நூற்று மூன்று பயணம் முடிந்தபோது சராசரி சரியாக நாற்பதில் வந்து நின்றது. பாக்கி ஒரே ஒரு பயணம். வருடத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. அதில் நாற்பதுக்குக் குறைந்தால் வீடு நிற்கும். இல்லையென்றால் இல்லை. தலைவர் நாற்பத்தெட்டு இருக்கையையும் எடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் கடையில் வேறு யாரும் இல்லை. அக்கா மேசையைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்டா, ஒரு ஒம்பது பேரை விட்டுட்டு எழுதினா என்ன? கை தவறாதா மனுஷனுக்கு?”

“இருபத்தாறு வருஷத்துல தவறினதில்லையேக்கா.”

“அதான் தவறட்டும்ங்கிறேன். ஒரு தடவை.”

“வராத ஆளை எழுதினதும் இல்ல, வந்த ஆளை விட்டதும் இல்ல. வேற ஏதாவது கேளு.”

“வேற என்ன கேக்க? வீடு போனதும் உன் கட்டைவிரல்லயா போய் குடியிருக்க?”

அப்போது பறவையம்மா உள்ளே வந்தார். சதுப்பில் பறவைகளை எண்ண அரசு நியமித்த அதிகாரி. ஒரே தொழில் என்பதால் எங்களுக்குள் மரியாதை உண்டு. என் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள், அவருடையவை நிற்காது. ஆகவே அவர் என்னைவிட ஒரு படி மேல். சதுப்பைத் தூர்த்தால் மழைத் தண்ணீர் போக இடமில்லாமல் பள்ளத்து மூன்று தெருவும் மூழ்கும் என்று நான்கு அறிக்கை எழுதியிருந்தார். நான்கும் அலுவலகத்தில் ஜன்னல் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுக்கப் பயன்பட்டன.

“நாளைக்கு வெயில் கொளுத்தும்னு போட்டிருக்கான்” என்று விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்.

எந்த வெயிலுக்கு எவ்வளவு பாரம் என்று விமானத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணை எனக்கு அந்தச் சமயம்தான் நினைவுக்கு வந்தது.

“அக்கா, வெயில் ஏற ஏற காத்து மெலிஞ்சு போகும். மெலிஞ்ச காத்து பாரம் தாங்காது. நீளமான பாதைன்னா இன்னும் கொஞ்சம் ஓடி எழும்பிரலாம். நம்மது குட்டை. ஒம்பது மணிக்கு நாப்பத்தெட்டு பேரும் போகலாம். பன்னெண்டு மணிக்கு, அந்தத் தரை ஓடு வச்ச பெட்டிங்களும் சேந்துச்சுன்னா, பத்துப் பேரையாவது இறக்கித்தான் ஆகணும்.”

அக்கா துடைப்பதை நிறுத்தினாள். “பன்னெண்டு வரைக்கும் விமானத்தை யாரு பிடிச்சு வைக்கிறது?”

“நான் எதையும் பிடிச்சு வைக்க முடியாது. நான் எண்ணுறவன்.”

“சட்டப்படி பறவை எல்லாம் பாதையைத் தாண்டின பிறகுதான் நான் பச்சைக் கொடி காட்டணும்” என்று பறவையம்மா பொதுவாகச் சொன்னார். “நாளைக்கு ஒண்ணு விடாம எண்ணலாம்னு இருக்கேன். வருஷக் கடைசி பாருங்க.”

“விமானி தம்பி பசியோட கிளம்பாது” என்றாள் அக்காவும் பொதுவாக.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே தலைவரும் நாற்பத்தேழு பேரும் பெட்டிகளோடு வந்துவிட்டார்கள். வெயில் முப்பது டிகிரி. பெட்டிகள் விமானத்தின் வயிற்றுக்குள் போயின. கிழக்கு முனையில் பறவையம்மா சிவப்புக் கொடியை ஊன்றிவிட்டு எண்ண ஆரம்பித்தார். அந்தப் பறவைகளுக்கு விமானத்தின் நேரம் தெரியும். வழக்கமாக எட்டேமுக்காலுக்குக் கூட்டமாகத் தாண்டிவிடும். கோபுரத்தில் இருப்பவர் அவற்றைப் பார்த்துத்தான் கடிகாரம் திருத்துவார். அன்றைக்கு என்ன நினைத்தனவோ, ஒற்றை வரிசையில் வந்தன. பறந்து வரவில்லை, நடந்து வந்தன. மூவாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு. பாதி வழியில் நின்று திரும்பிப் போன ஒன்றை அவர் கழித்துக்கொண்டார். அது மறுபடி வந்தது, சேர்த்துக்கொண்டார்.

இதற்குள் விமானி கடைக்கு வந்து முட்டை கேட்டார்.

“ஒரே நிமிஷம் தம்பி. முட்டை வந்துக்கிட்டிருக்கு.”

முட்டை உண்மையிலேயே வந்துகொண்டிருந்தது. அத்தான் வீட்டிலிருந்து கொண்டுவந்துகொண்டிருந்தார். வாத்து முட்டை. கூடையில் வைத்தால் உடையும் என்று இரண்டு கையிலும் ஏந்தி, ஒரு நடைக்கு ஒரு முட்டை. வேலியைச் சுற்றிப் போய்வர முக்கால் மணி நேரம். விமானி நான்கு முட்டை சாப்பிடுகிறவர்.

“என்னங்க, ரெண்டு ரெண்டா கொண்டுவரக் கூடாதா?” என்று தலைவர் அத்தானை வழிமறித்துக் கேட்டார்.

“வாத்து ஒவ்வொண்ணாத்தானே போடுது” என்று அத்தான் நிற்காமல் சொல்லிவிட்டுப் போனார். அவர் வாழ்நாளில் யாருக்கும் பதிலடி கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

நான்காவது முட்டை முடிந்தபோது மணி பன்னிரண்டு. வெயில் நாற்பத்தொன்று. பச்சைக் கொடி ஏறியது. விமானி கிளம்பும் முன் வெப்பமானியைப் பார்ப்பார், பத்துப் பேரை இங்கேயே நிறுத்திவிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். நான்கு வாத்து முட்டை சாப்பிட்ட மனிதர் எதையும் நிமிர்ந்து பார்க்கமாட்டார் என்பது என் கணிப்பில் விட்டுப்போயிற்று. அவர் நேரே போய்த் தன் இருக்கையில் சாய்ந்தார். பயணிகளை ஏற்றச் சொல்லி மணி அடித்தது.

எங்கள் நிலையத்தில் ஏறுகிறவர்களை எண்ணும் முறை இது: வாசலில் பயணச் சீட்டைக் கிழித்து ஒரு துண்டை நான் வைத்துக்கொள்வேன். துண்டு என் கைக்கு வந்தால் ஆள் ஏறினதாகப் பொருள். இந்த முறையைக் கையேட்டில் எழுதியவனும் நானே. நாற்பத்தெட்டு துண்டு கிழித்தேன். கடைசித் துண்டு தலைவருடையது. அக்கா கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு மூடுகிற சமயத்தில் விமானிக்குத் தெளிவு வந்தது. வெப்பமானியைப் பார்த்தார், அட்டவணையைப் பார்த்தார், எழுந்து பயணிகள் முன்னால் வந்து நின்றார்.

“இந்தச் சூட்டுல இவ்வளவு பாரம் எழும்பாதுங்க. ஒண்ணு பெட்டியை இறக்கணும், இல்ல பதினொரு பேர் இறங்கணும்.”

தலைவர் ஒரு கணம் யோசித்தார். மூளைக்காரர், அதைச் சொல்லத்தான் வேண்டும். “பெட்டி போய்ச் சேந்தாத்தான் எடை கணக்காகும். ஆளுங்கள வாசல்லயே எண்ணியாச்சு. கனமான ஆளுங்க எல்லாம் என்கூட இறங்குங்கப்பா. பெட்டி போகட்டும்.”

பதினொரு பேர் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். விமானம் முப்பத்தேழு பேரோடும் நாற்பத்தெட்டு பெட்டியோடும் எழும்பிப் போயிற்று.

விமானம் நிற்கிற தளத்திலிருந்து கட்டடத்துக்குள் வர ஒரே வழிதான், வருகை வாசல். புறப்பாட்டு வாசல் ஒரு பக்கம் மட்டும் திறக்கும். வருகை வாசலில் சீட்டு கிடையாது. உள்ளே வருகிற தலையை எண்ணுவதுதான் முறை. தளத்திலிருந்து யார் வந்தாலும் நான் எழுந்து போய் அங்கே நின்றுவிடுவேன். அன்றைக்கும் நின்றேன். யோசித்துச் செய்ததல்ல. கால் போயிற்று, கட்டைவிரல் அழுத்தியது. தலைவர் உள்ளே வந்தார், டிக். அவருக்குப் பின்னால் பத்துப் பேர், பத்து டிக்.

தலைவர் நின்று என் கையைப் பார்த்தார். “என்னய்யா தலையெண்ணி, வர்றதையும் எண்ணுறியா?”

“இந்த வாசல்ல வந்தா எண்ணணும்ங்க.”

“அடேயப்பா! ஒரே நாள்ல எங்கள ரெண்டு தடவை எண்ணிட்டான்!” என்று என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டில் கருவி தானாக ஒன்று ஏறியது. அதை அப்போதே கழித்துவிட்டேன்.

அக்கா என் டீயை வைத்த விதத்தில் பாதி தட்டில் கொட்டியது. பிறகு பேசினாள்.

“முப்பத்தேழு பேர்தான்டா போனாங்க. என் கண்ணால பாத்தேன்.”

“துண்டு நாப்பத்தெட்டுக்கா.”

“அது போதாதுன்னு கூட பதினொண்ணு. கூடப்பொறந்தவனாடா நீ?”

“வாசல்ல வந்தாங்களே.”

“வந்தாங்க. நாளைக்கு மண் வெட்டுற இயந்திரமும் வரும். அதையும் எண்ணு.”

அத்தான் வீட்டில் நான்கு நடை நடந்த கால்களை ஒரு வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு, மீதியிருந்த அந்த ஒற்றைப் படியில் உட்கார்ந்திருந்தாராம்.

மாலையில் படிவம் நிரப்ப உட்கார்ந்தேன். ஒரு பயணத்துக்கு ஒரு வரி: எங்கிருந்து, எங்கே, எந்த விமானம், எத்தனை பேர். முதல் வரி சுலபம். இங்கிருந்து நகரத்துக்கு, நாற்பத்தெட்டு. அடுத்து அந்தப் பதினொன்று. புறப்பாட்டு வரியில் வருகையை எழுதக் கூடாது. அதுவும் என் கையேடுதான். வருகைக்கென்று தனி வரி போட்டேன். எந்த விமானம்? அதே விமானம், அதிலிருந்துதான் இறங்கினார்கள். எங்கே வந்தார்கள்? இங்கே. எங்கிருந்து? ரொம்ப நேரம் யோசித்தேன். இங்கிருந்து. ‘இங்கிருந்து இங்கே, பதினொரு பேர்.’ எழுதிவிட்டு ஒரு முறை படித்துப் பார்த்தேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பிறகுதான் கூட்டினேன். சராசரி என்பது வரிசையில் நிற்கிற ஆட்களின் உயரம் மாதிரி. நெட்டையன் ஒருவன் வந்தால் ஏறும். அவன் பின்னாலேயே ஒரு குள்ளன் வந்து நின்றால் இறங்கும். நூற்று நான்கு பயணம் என்றால் நாற்பதைத் தாண்டுகிறது. ஆனால் என் தாளில் நூற்று ஐந்து பயணம் இருந்தது. கடைசிப் பயணத்தில் பதினொரு பேர்தான். மூன்று தடவை வகுத்தேன். மூன்று தடவையும் முப்பத்தொன்பது புள்ளி எட்டு வந்தது.

அக்காவிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. தட்டில் கொட்டிய டீ எனக்கும் மனதில் இருந்தது.

பரிசீலனைக் கூட்டத்துக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ரயிலில்தான். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துப் படித்துவிட்டு, “முப்பத்தொம்பது புள்ளி எட்டு. இப்ப இருக்கிறபடியே அஞ்சு வருஷம்” என்றார்.

தலைவர் எழுந்த வேகத்தில் நாற்காலியும் கூடவே எழுந்தது. “அதெப்படிங்க? கடைசிப் பயணத்துல நாப்பத்தெட்டு பேர்!”

“எழுதியிருக்கே. அதுக்கடுத்த பயணத்துல பதினொண்ணு.”

“அடுத்த பயணமே கிடையாதுங்க! நாங்க எங்கயும் போகல. ஏறினோம், இறங்கினோம், அவ்வளவுதான்!”

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் துண்டுகளை மேசைமேல் வைத்தேன். பக்கத்தில் கருவியை வைத்தேன்.

“சரி” என்றார் அதிகாரி. “நீங்க பதினொரு பேரும் பயணம் போனீங்களா, போகலையா?”

“போகல.”

“அப்ப ஏறினதையும் அடிச்சிருவோம். முப்பத்தேழு. சராசரி அப்பவும் நாப்பதுக்குக் கீழ.”

தலைவர் உட்கார்ந்தார். உதடு அசைந்தது, மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். மறுபடி எழுந்தார். “போனோம்.”

“போனீங்கன்னா திரும்பி வந்தீங்கதானே? இல்ல இன்னும் வரலையா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தலைவர் திரும்பிப் பார்த்தார், சிரிப்பு நின்றது. சிரித்தவர் பள்ளத்துத் தெருக்காரர்.

“ரயிலுக்கு நேரமாச்சு” என்றார் அதிகாரி. “போனீங்களா, போகலையா? ஒண்ணு சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

தலைவர் நல்ல வியாபாரி. எப்படியும் நஷ்டம் என்றால் எண்ணிக்கை பெரியதாக இருப்பதே மேல் என்று முடிவுசெய்தார். “போனோம்” என்றார். பதினொரு பேரும், இங்கிருந்து புறப்பட்டுப் பத்திரமாக இங்கே வந்துசேர்ந்ததாகக் கையெழுத்துப் போட்டார்கள். ஓட்டலைப் பிற்பாடு அவர் மருத்துவமனைக்கு வாடகைக்கு விட்டார். அங்கே எப்போதும் இடம் கிடைப்பதில்லை.

நான் கடைக்குப் போய்ச் சொன்னேன். அக்கா டீ போட்டாள். தட்டில் ஒரு சொட்டு இல்லை. “முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல” என்றாள். அதற்கு மேல் அவளிடம் பாராட்டு எதிர்பார்ப்பது தவறு.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் தலைமை அலுவலகத்து இயந்திரத்தில் ஒரு வழித்தடம் ஒரு தடவை ஏறிவிட்டால் அதை எடுக்கத் தனி ஆணை வேண்டும். புது வருட அட்டவணை அச்சாகி வந்தது. வெள்ளி: இங்கிருந்து நகரம். ஞாயிறு: நகரத்திலிருந்து இங்கே. அதற்குக் கீழே: இங்கிருந்து இங்கே, பயண நேரம் நான்கு நிமிடம்.

அத்தான் சுவரில் ஒட்டிய அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு நாள் படித்தார். மூன்றாம் நாள் என்னிடம் வந்தார்.

“மச்சான், குடும்பச் சலுகை இதுக்கும் உண்டா?”

“உண்டு அத்தான்.”

“ஜன்னல் பக்கம் வேணாம்.”

அந்த வெள்ளிக்கிழமை, விமானம் போன பிறகு, அத்தான் சலவைச் சட்டையும் ஒரு சின்னப் பெட்டியுமாக வந்தார். அக்கா வழிக்கு இரண்டு அவித்த முட்டை கட்டிக் கொடுத்தாள். புறப்பாட்டு வாசலில் நான் சீட்டைக் கிழித்தேன். அவர் வெறும் தளத்தில் கொஞ்ச தூரம் நடந்து, நடுவில் நின்று வானத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்து, தலை சுற்றிப் பெட்டிமேல் உட்கார்ந்து, பிறகு எழுந்து வருகை வாசல் வழியாக உள்ளே வந்தார். டிக்.

வருடத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் அக்கா அவரை விடுவதில்லை. அடிக்கடி போனால் சராசரி முப்பதுக்குக் கீழே இறங்கிவிடும்.

“எப்படி அத்தான் இருந்துச்சு பயணம்?” என்று அன்றைக்குக் கேட்டேன்.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தார்.

“பரவாயில்ல மச்சான்” என்றார். “நடுவுல கொஞ்சம் ஆட்டம் இருந்துச்சு.”